மாலை ஆறு மணிக்குச் சந்தை திறக்கும்

ஜூன் முப்பது. கிளீவ்லாந்து.
ஏரியிலிருந்து காற்றே இல்லை.
ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில்
கைப்பேசிகள் இரண்டையும் மேசைமேல்
கவிழ்த்து வைக்கிறேன், சீட்டாட்டக்காரியைப் போல.

என் பட்டியலில் ஒன்பது பேர்.
எட்டுப் பேருக்கு இன்னும் முப்பது ஆகவில்லை.
அவர்களை விற்கவே வேண்டாம்,
வாங்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்தினால் போதும்.
ஒன்பதாவது டெல்ராய் விட்காம்.
வயது முப்பத்தாறு. கூடைப்பந்தில் கார்டு.
உயரம் ஆறடி ஒன்று,
காலணியோடு.
காலணி இல்லாத கணக்கு
எனக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் தெரியும்.

ஒப்பந்தம் முடிந்தவனுக்கு
ஃப்ரீ ஏஜென்ட் என்று பெயர்.
ஃப்ரீ என்றால் கட்டில்லாதவன்.
அதாவது, சும்மா இருப்பவன்.
இன்னும் மூன்று வாரம் போனால்
சும்மா கிடைப்பவன்.

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களாம்.
இங்கே முட்டியை.

இந்தத் தொழிலுக்கென்று ஒரு பாஷை உண்டு.
'உடைமாற்றும் அறையில் நல்ல செல்வாக்கு' என்றால்
உட்காரவைத்தால் முணுமுணுக்க மாட்டான்.
'ஆட்டத்தின் போக்கை அறிந்தவர்' என்றால்
வேகம் போயாயிற்று, அறிவு மட்டும் மிச்சம்.
'முட்டி நன்றாக இருக்கிறது' என்றால்
இந்த வாரத்து நீரை ஊசியால் எடுத்தாயிற்று.
எதிர்முனைக்காரனுக்கும் இது தாய்மொழிதான்.
இருவரும் சிரிக்காமல் பேசிக்கொள்கிறோம்.

ஆறு மூன்றுக்கு, இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு
நான்கு ஆண்டு, எழுபது மில்லியன்.
அவன் அம்மா அழுதது எனக்கே கேட்டது.
ஆறு நாற்பதுக்கு இன்னொருவன்.
எட்டுக்குள் ஐந்து பேர் முடிந்தார்கள்.
பீட்சா ஆறி அட்டையோடு ஒட்டிக்கொண்டது.

டெல்ராய்க்காக ஏழு பேரை அழைத்தேன்.
மூன்று பேர் எடுக்கவில்லை.
ஒருவன் கேட்டான், 'இன்னும் ஆடுகிறாரா?'
கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை,
ஆனால் நோயில் கிடப்பவரை விசாரிக்கிற குரல்.
தென்மாநில அணி ஒன்று: ஓராண்டு, குறைந்தபட்சச் சம்பளம்,
உத்தரவாதம் கிடையாது,
பிடிக்காவிட்டால் அக்டோபரிலேயே கைகுலுக்கி அனுப்பிவிடலாம்.
இஸ்தான்புல்லில் ஒரு கிளப்: வீடு, கார்,
பாதிப் பணம் ஜனவரியில்.
ஜனவரி தவறாமல் வரும். பணம்தான் தெரியாது.
மூன்றாமவன் தயங்கித் தயங்கி,
'உதவிப் பயிற்சியாளராக வருவாரா?'

பத்தரைக்கு அவனே அழைத்தான்.
பின்னால் பந்து தரையில் மோதும் சத்தம்.
சமூகக் கூடத்தில் இரவு ஆட்டமாம்,
இரண்டு தபால்காரர்கள், ஒரு கூரை வேலைக்காரன்,
ஒரு பல் டாக்டர்.
எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்கப்போகிறான்,
தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

'நோரீன், சின்னவளுக்குப் பல்லுல கம்பி கட்டணுமாம்.
எங்க காப்பீடு எந்தத் தேதி வரைக்கும் இருக்கு?'

தேடிச் சொன்னேன். யாரிடமோ பேனா கேட்டு
எழுதிக்கொண்டான்.
பிறகு மூன்றையும் சொன்னேன்,
அந்தப் பாஷையில் இல்லை, உள்ளது உள்ளபடி.
பந்துச் சத்தம் நின்றிருந்தது.

'முட்டியப் பத்திக் கேட்டாங்களா?'
எல்லாரும்.
'நீ என்ன சொன்ன?'
நன்றாக இருக்கிறது என்று.
'படி இறங்கும்போது வலிக்கும்னு சொல்லு.
கடைசி அஞ்சு நிமிஷத்துல வலிக்காது,
அதையும் சொல்லு. ரெண்டும் நெசம்தான்.'
யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். போய்விட்டான்.

நள்ளிரவுக்குச் சற்று முன்
தென்மாநிலக்காரனை மறுபடி பிடித்தேன்.
படியைச் சொன்னேன். ஊசியைச் சொன்னேன்.
கடைசி ஐந்து நிமிடத்தையும் சொன்னேன்.
வெகுநேரம் எதுவும் பேசவில்லை.
பாதி உத்தரவாதத்துக்கு மேலிடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்,
காலையில் சொல்கிறேன் என்றான்.
காலையில் சொல்வார்கள், சொல்லாமலும் இருப்பார்கள்.

சொன்னதுதான் சொன்னோம் என்று,
ஆறடி ஒன்று இல்லை,
ஐந்தடி பதினொன்றே முக்கால் என்றும் சொன்னேன்.

'அது எங்களுக்கு எப்பவோ தெரியும்' என்றான்.